பரணில் ஏழு ஸ்வெட்டர், ஒன்றுக்கும் கை இல்லை

கேள்வி: 22 வருடம் டில்லி கரோல்பாகில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சொல்லிக்கொடுத்துதான் ஸ்வெட்டர் பின்னப் பழகினேன். இப்போது நங்கநல்லூர் வாசம். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அரைகுறையாக ஏழு ஸ்வெட்டர் கிடைத்தன. ஒன்று என் மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஆரம்பித்தது. அவனுக்கு இப்போது வயது 31. எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்று வெறியாக இருக்கிறது. ஆனால் ஊசியை எடுத்தால் பத்தே நிமிஷத்தில் எரிச்சல் வருகிறது. "கையில்லா ஸ்வெட்டர் கண்காட்சி" என்று என் கணவர் கேலி வேறு. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், நங்கநல்லூர்

பதில்: சகோதரி, ஏழும் கையில்லாமல் நிற்பதற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை என்று முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். முதுகுப்பக்கம் பின்னும்போது புது நூல், புது ஆசை. முன்பக்கத்தில் கழுத்து இறக்கம் வந்து கொஞ்சம் சுவாரசியம் காட்டும். அப்புறம் கை. ஒன்றை முடித்துவிட்டு "அப்பாடா" என்று நிமிர்ந்தால், அதே கணக்கில் அதே கையை இன்னொரு தடவை பின்ன வேண்டும்! அதற்குள் டில்லியில் ஹோலி வந்து வெயில் ஏறியிருக்கும். ஜனவரியில் மொட்டைமாடியில் வேர்க்கடலையும் ஆரஞ்சுமாக உட்கார்ந்து "சீதா, உல்டா" என்று நேரும் தலைகீழுமாகக் கண்ணி போட்ட அதே கம்பளியை ஏப்ரலில் மடியில் வைத்துக்கொள்ள யாரால் முடியும்?

என் பெட்டியிலும் இப்படி ஒன்று கிடந்தது, ஊசியோடு, பாதி வரிசையில் நிறுத்தியபடி. கூடவே என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "கை – 14". அவ்வளவுதான். 14 அங்குலமா, 14 வரிசையா, 14 கண்ணி குறைக்கணுமா? அரைநாள் யோசித்தேன். எழுதினவள் ஆளே வேறு, அவளிடம் போய்க் கேட்கவா முடியும்?

உங்கள் எரிச்சலுக்கும் இதுதான் காரணம். நூலை இழுத்துப் பின்னுவதில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு இறுக்கம் உண்டு. வருஷம் போனால் அது மாறும். பழைய முதுகுக்குப் புதுக் கை பொருந்தாது. அதனால் நேரே ஸ்வெட்டரில் கை வைக்காதீர்கள். 20 கண்ணி போட்டு 20 வரிசை தனியாகப் பின்னி, பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். சின்னதாக வந்தால் ஊசியை மாற்றுங்கள். நம் ஊர் ஊசியில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும் என்பது ஞாபகம் இருக்கட்டும். 10-க்குப் பதில் 9 எடுங்கள், 11 அல்ல. நான் 11 எடுத்து ஒரு வாரத்தைத் தொலைத்தவள்.

ஏழையும் முடிக்கிற வீம்பு வேண்டாம். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் பிரித்துவிடுங்கள். எதை வைத்துக்கொள்வது? இன்றைக்கும் அளவு சரியாக இருக்கிற ஆள் வீட்டில் எதற்கு இருக்கிறாரோ, அதை. மகனுடைய இரண்டாம் வகுப்பு ஸ்வெட்டரைப் பேரனுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பேரன் எப்போது என்று மருமகளைக் கேட்கிற சாக்காக அது மாறிவிடும்.

பிரிப்பதற்கு முன் நூலின் நுனியில் துளி வெட்டி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் அசல் கம்பளி. உருகிக் கெட்டி உருண்டையானால் அக்ரிலிக். அசல் என்றால் அந்துப்பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டுதான் வரும், பயப்படாதீர்கள். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் கம்பளி சுருள் நீங்கி நேராகிவிடும். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், துவண்டு செத்துப்போகும்.

வைத்துக்கொண்ட ஒன்றுக்கு இரண்டு கையையும் ஒரே ஊசியில், இரண்டு நூலுருண்டை வைத்து, பக்கம்பக்கமாகப் பின்னுங்கள். முடிந்தால் இரண்டும் சேர்ந்து முடியும். "இன்னொரு கை" என்கிற பேச்சே கிடையாது. நூல் போதாவிட்டால் கடையில் அதே கலர் தேடி அலையாதீர்கள். சாயம் போட்ட லாட் நம்பர் மாறினால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கட்டுப் பட்டையை வேறு கலரில் துணிந்து போடுங்கள், ஃபேஷன் என்பார்கள்.

பிரித்த நூலில் முதல் வேலையாக, கண்காட்சி என்று கேலி செய்தவருக்கு மார்கழி வாக்கிங் போக ஒரு மங்கி கேப் பின்னிக் கொடுங்கள். அதற்குக் கையே கிடையாது.