ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடை எங்கே?

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். போன ஆகஸ்டில் ஸ்பெயினின் பெனிடோர்முக்கு ஒரு வாரம் போனோம். தினமும் மாலை ஆறரைக்கே பிள்ளைகளோடு கடற்கரைச் சாலையில் கடை தேடி அலைந்தோம். எங்கே பார்த்தாலும் படம் போட்ட மெனு, ஆங்கிலேயக் காலைச் சாப்பாடு. 'பயேயா' என்று மஞ்சள் சாயச் சோறுதான் கிடைத்தது. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அதனால் அறையிலேயே தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டார். எங்கள் நாலு பேருக்கு நல்ல இடம் கிடைத்தால் போதும். இந்த ஆகஸ்டிலும் போகிறோம். ஊர்க்காரர்கள் போகும் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, லண்டன்

பதில்: சகோதரி, 'அறையிலேயே தயிர்ச்சோறு' என்ற இடத்தைத் தாண்டி என்னால் உங்கள் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. ஒரு நாள் என்றால் அசதி என்று விடலாம். ஒரு வாரம் முழுக்கப் பெற்ற தாயை ஓட்டல் அறையில் தனியாக உட்காரவைத்துவிட்டு, அந்த ஊர்க் குடும்பங்கள் எங்கே சாப்பிடுகின்றன என்று தேடியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பங்கள் பாட்டியோடு சாப்பிடுகின்றன. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அங்கே ஒரு 'அரோஸேரியா'வுக்குள், அதாவது சோற்றுக்கடைக்குள், எட்டிப் பாருங்கள்: ஒரே மேசையில் மூன்று தலைமுறை இருக்கும். நீங்கள் கேட்ட அடையாளம் அதுதான். வயதானவர்களே இல்லாமல் ஆறரை மணிக்கு நிறைகிற கடை சுற்றுலாப் பயணிகளை நம்பி நடப்பது.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். அங்கே மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நாலு மணிக்குள். இரவு ஒன்பதுக்கு மேல். ஆறரைக்கு நல்ல கடைகளின் சமையலறையே மூடியிருக்கும். திறந்திருப்பது உங்களுக்காகவே திறந்த கடை. இன்னொன்று, சோறு அந்தக் கரையில் மதியச் சாப்பாடு. இரவில் பயேயா கேட்பவர் வெளியூர்க்காரர் என்று பரிமாறுபவருக்கு உடனே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பதினொரு மணிக்கு ஒரு 'பொகதீயோ' (நீள ரொட்டிக்குள் ஏதாவது வைத்தது) வாங்கிக் கொடுங்கள், இரண்டு மணிவரை தாங்கும். மாலையில் குளிர்ந்த 'ஓர்ச்சாதா' குடிக்கட்டும். கோரைக்கிழங்குப் பால் அது. இரவுக்கு எளிதாக எதையாவது முடித்துக்கொள்ளலாம்.

இடம் என்றால், பெனிடோர்மின் லெவாந்தே கடற்கரையின் கிழக்குக் கோடியில் இருக்கும் 'ரிங்கோன் தெ லோய்ஷ்' பக்கம் சாப்பாட்டுக்காகப் போகாதீர்கள். அது ஆங்கிலேயர்களின் மதுக்கடைப் பகுதி. பழைய ஊரில் சாந்தோ தொமிங்கோ தெருவை எல்லாரும் கைகாட்டுவார்கள். அங்கே ஸ்பானியர்களும் குவிவார்கள் என்பது உண்மை. ஆனால் ரொட்டித் துண்டில் குச்சி செருகித் தருகிற அந்தப் பழக்கம் வடக்கே பாஸ்க் நாட்டிலிருந்து வந்தது. அதோடு நெரிசலில் நின்றுகொண்டே சாப்பிடவேண்டும், அம்மாவுக்குக் கால் கடுக்கும்.

பக்கத்தில் வீயாஹோயோஸா இருக்கிறது. அலிகாந்தே போகும் டிராமில் இருபது நிமிடம்போல ஆகும். இன்றும் மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர். படகுகள் பிற்பகலில் கரை திரும்பி மீன் ஏலம் போகும்; மறுநாள் மதியம் அது தட்டுக்கு வரும். இழுவைப் படகுகள் சனி, ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஆகவே திங்களன்று மீன் கேட்காதீர்கள். பல குடும்பக் கடைகள் அன்று மூடித்தான் இருக்கும்.

இந்த ஊர்கள் இருக்கும் அலிகாந்தே மாகாணத்தின் சோறு 'அரோஸ் ஆ பாந்தா'. மீன் சாற்றில் வேகும் சோறு. அதன் நிறம் சாயத்தால் வருவதில்லை. பூண்டு, தக்காளியோடு சேர்த்து அரைக்கும் 'ஞோரா' என்ற காய்ந்த மிளகாயால் வருவது. பார்த்தால் நம் குண்டு மிளகாய்தான், காரம் மட்டும் இல்லை. சோறு சட்டியில் விரல்கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடி லேசாகப் பிடித்திருக்க வேண்டும். அரிசி வேகவே பதினெட்டு நிமிடம்போல ஆகும். சொன்ன பத்தாவது நிமிடத்தில் வந்தால் அது சூடாக்கிய பழைய சோறு. மெனுவில் உள்ள விலை தலைக்கு, அதுவும் குறைந்தது இரண்டு பேருக்கு. இது தெரியாமல் பில்லைப் பார்த்துச் சண்டை பிடிப்பவர்கள் நிறைய. கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் காசு உண்டு. குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்று 2022இல் சட்டமே வந்துவிட்டது, தயங்காமல் கேளுங்கள்.

இப்போது அம்மாவின் தட்டு. 'ஸின் கார்னே', இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித்தொடைத் துணுக்கும் சூரை மீனும் அவர்கள் கணக்கில் 'கார்னே' இல்லை. 'நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அதூன், நி ஹுவேவோ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: பன்றித்தொடை, மீன், சூரை, முட்டை எதுவும் வேண்டாம். 'கஸ்பாச்சோ' தக்காளிச் சாறுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள். அந்த மாகாணத்தில் அந்தப் பெயருக்கு முயல்கறியில் தட்டை ரொட்டி போட்ட குழம்பும் வரும். பூண்டுப் பசை 'அலியோலி'யில் கடைகளில் பெரும்பாலும் முட்டை இருக்கும். தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய், எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய சிறு பச்சை மிளகாய் எல்லாம் அவருக்கு ஆகும்.

முக்கியமானது 'அரோஸ் தெ வெர்தூராஸ்', காய்கறிச் சோறு. முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவையுங்கள். சாறு காய்கறியில் காய்ச்சியதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள், பல கடைகளில் எல்லாச் சோற்றுக்கும் ஒரே மீன் சாறுதான். அதுவும் இரண்டு பேருக்குத்தான் சமைப்பார்கள் என்பதால் உங்களில் ஒருவர் அம்மாவோடு அதே சட்டியில் சாப்பிட்டாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். மீன் சோற்றைப் பிள்ளைகளும் அவர்கள் அப்பாவும் பார்த்துக்கொள்வார்கள்.

கடையை இணையத்தில் தேடும்போது ஸ்பானிய மொழியில் எழுதிய விமர்சனங்களை மட்டும் படியுங்கள், அதிலும் ஜனவரி, பிப்ரவரியில் எழுதியவற்றை. வார நாட்களில் வாசலில் கையால் எழுதிய 'மெனூ தெல் தியா', அன்றைய சாப்பாடு, இருக்கிறதா பாருங்கள்: இரண்டு வகை உணவு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காப்பியோ, பெரும்பாலும் 15 யூரோவை ஒட்டி.

ஞாயிறு மதியத்துக்கு வியாழனுக்குள் மேசை சொல்லிவையுங்கள். உயர முக்காலி வேண்டாம், 'மேஸா பாஹா', தாழ்ந்த மேசை, என்று கேளுங்கள். எத்தனை பேர் என்று கேட்பார்கள். 'ஸின்கோ' என்று சொல்லுங்கள். ஐந்து பேர்.