ராக்கெட் நிலாவுக்குப் போகவிருந்த கதை

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா தராசு (பாரிசான் நேசனல் கூட்டணி), அண்ணன் ராக்கெட் (ஜனநாயக செயல் கட்சி, அதாவது ஜசெக). தேர்தல் முடிந்தும் சாப்பாட்டு மேசையில் சண்டை ஓயவில்லை. இருவருமே வேட்பாளர் யாரென்று பார்ப்பதில்லை, கண்மூடித்தனமாகச் சின்னத்துக்குத்தான் ஓட்டு. இவர்களை எப்படித் திருத்துவது?
— ஒரு வாசகி, பிறை, பினாங்கு, மலேசியா

பதில்: திருத்துவதா? எங்கள் மெய்ப்புத் திருத்துநரையே என்னால் திருத்த முடியவில்லை அம்மா.

ஆனால் ‘கண்மூடித்தனம்’ என்று எழுதினீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 2018-இல் உங்கள் அண்ணன் ஓட்டு போட்டதே கண்ணுக்குத்தான்! அந்த மே 9 அன்று தீபகற்பத்தில் ஓட்டுச் சீட்டில் ராக்கெட்டே கிடையாது. ஜசெக வேட்பாளர்கள் கூட்டணிக் கட்சியான கெஅடிலானின் கண் சின்னத்தில் நின்றார்கள். 2013 கூத்து இதைவிடப் பெரிது. கட்சிகளைப் பதிவுசெய்யும் சங்கப் பதிவகத்தோடு தகராறு முற்றி, அப்போது கூட்டாளியாக இருந்த பாஸ் கட்சியின் நிலாச் சின்னத்தில் நிற்க ஜசெக தயாரானது. ராக்கெட் நிலாவுக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? கடைசி நேரத்தில் ராக்கெட்டிலேயே நிற்கலாம் என்று பதிவகம் ஒரு கடிதம் கொடுத்து, நல்லதொரு விண்வெளிப் பயணத்தைக் கெடுத்துவிட்டது.

அப்பாவை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். என் அப்பாவும் தராசுதான். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவரை, தராசுக் கூட்டணியின் இந்தியர் கட்சியான மஇகாவின் கிளைத் தலைவர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போய், குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கித் தந்தார். சாகும்வரை அவருக்குத் தராசு என்றால் அந்த மோட்டார் சைக்கிள்தான். வேட்பாளர் பெயரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது.

அந்த மோட்டார் சைக்கிள் இப்போது எங்கே என்பதுதான் கேள்வி. 2022 நவம்பரிலேயே தராசும் ராக்கெட்டும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்துவிட்டன. 2023 பினாங்குச் சட்டமன்றத் தேர்தலில் மஇகா நிற்கவே இல்லை. அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், உங்கள் வீட்டில்தான் ரசம் ஆறுகிறது.

அப்புறம், அப்பா ஹாலில் கட்சிக்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்குமே, கேஸ் மாற்றிய தேதியெல்லாம் எழுதி? அதைக் கழற்றுங்கள். அரசியலுக்காக இல்லை, ராகுகாலத்துக்காக. இருபது வருடமாகக் கத்துகிறேன், எந்த அச்சகத்தார் காதிலும் ஏறவில்லை. அந்தப் பட்டியல் காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கும் கணக்கு. நமக்கு உதிப்பதே ஏழுக்கு மேல். அதனால் ராகுகாலமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். கடைசி இரண்டு தேர்தலும் சனிக்கிழமை. ஒன்பது முதல் பத்தரை ராகு என்று நாள்காட்டியை நம்பி, அது முடியட்டும் என்று காத்திருந்து, பத்தரைக்குச் சரியாகப் போய் வரிசையில் நின்றவர்களெல்லாம் நட்டநடு ராகுகாலத்தில் ஓட்டு போட்டவர்கள்.

உங்கள் அப்பாவை எத்தனை மணிக்குக் கூட்டிப்போனீர்கள்?