பழைய டீசல் எஸ்யூவி: கோளாறும் செலவும் – கேள்வி பதில்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய, தனிச் சேசிஸ் (உடலுக்கு அடியில் தனியாக இருக்கும் இரும்புச் சட்டம்) உள்ள டீசல் எஸ்யூவி பற்றிக் கேளுங்கள். தொகை கேட்காதீர்கள், அது இடத்துக்கு இடம் மாறும். எத்தனை மணி நேர வேலை, கூடவே எதை மாற்றவேண்டும் என்று சொல்கிறேன். மதிப்பீடு போட அது போதும்.

கே: வாங்கப் போகிறேன் சார். 1,80,000 கி.மீ. ஓடிய வண்டி. முதலில் எதைப் பார்ப்பது?

ராத்திரி முழுக்க நின்ற, குளிர்ந்த என்ஜினைப் பாருங்கள். நீங்கள் போகும்முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் க்ளோ பிளக் (குளிரில் சிலிண்டரைச் சூடாக்குவது), கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்), இன்ஜெக்டர் (டீசலைத் தெளிப்பது) எல்லாவற்றின் நிலையும் வெளியே வரும்.

ஸ்டார்ட் செய்யும்முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். (குளிர்ந்த நிலையில் மட்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.) மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்துங்கள். என்ஜின் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டர் வாயு கூலண்டுக்குள் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) போகிறது என்று அர்த்தம். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசான காற்று வருவது சகஜம். மூடியே துள்ளிக் குதித்து, விட்டு விட்டுப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜின்.

பிறகு சேசிஸ். பின் ஆக்சிலுக்கு மேலே வளைகிற இடத்திலும், ஸ்பிரிங் பிராக்கெட் பற்றவைத்த இடத்திலும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் இரும்பு, ‘பொத்’ என்றால் துரு. என்ஜினை மாற்றிக்கொள்ளலாம், உளுத்த சேசிஸை வாங்கவே வாங்காதீர்கள்.

கே: டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பட்டை) மாற்றியதாக வாயால் சொல்கிறார். பில் இல்லை. நம்பலாமா?

பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு ஒன்று, வருடக் கெடு ஒன்று. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. டீசலில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்ற வேண்டிவரும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டை இறுக்கி நடத்தும் உருளைகள்), பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். நாலைந்து மணி நேரக் கூலியை ஒரு தடவை கொடுத்தால் போதும்.

கே: கியர்பாக்ஸும் என்ஜினும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மலிவாம், ஆனால் கூலி கொள்ளையாகக் கேட்கிறார்கள்.

கொள்ளை இல்லை. சீல் உள்ளங்கையில் அடங்கும். அதை எட்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் (சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) இரண்டையும், டிரான்ஸ்ஃபர் கேஸையும் (முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிப்பது), கியர்பாக்ஸையும் இறக்கவேண்டும். ஒரு நாள் வேலை. இறக்கியது இறக்கியபடி கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மாற்றிவிடுங்கள். அதற்கும் முன்னால், மேலே வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து வழிந்து அங்கே சொட்டுகிறதா என்று துடைத்துப் பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

கே: டிராஃபிக்கில் ஏசி போட்டு நின்றால் சூட்டு முள் ஏறுகிறது. சாலையில் ஓடினால் இறங்குகிறது. தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

கழற்றாதீர்கள். நின்றால் ஏறி ஓடினால் இறங்குவது காற்றுப் பற்றாக்குறை. வேகத்தில் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், உறிஞ்சலில் சப்பையாகும் கீழ் ஹோஸ் என்று தேடவேண்டும். உங்களுக்கு ஃபேன் கிளட்ச்தான் (ஃபேனை என்ஜினோடு இணைக்கும் பாகம்) முதல் சந்தேகம். என்ஜினை அணைத்துவிட்டு, குளிர்ந்தபின் ஃபேனைக் கையால் சுண்டுங்கள். பல சுற்று தாராளமாகச் சுற்றினால் உள்ளே சிலிக்கான் ஆயில் இல்லை. நடு மூடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உறுதி. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்த மண்ணையும் என்ஜின் பக்கமிருந்து வெளியே கழுவுங்கள்.

கே: எங்கள் பக்கம் எல்லா வண்டியிலும் தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓட்டுகிறோம். ஒன்றும் ஆகவில்லையே!

பல டீசல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது, அந்தத் தட்டு கீழே போய் பைபாஸ் வாயை மூடும். மொத்தமாகக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போதுதான் அதன் விலை தெரியும்.

கே: சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூடு இறங்க நேரம் கிடைக்காது, அதனால்தான்.

என் பக்கம் பேசுகிறீர்கள், ஆனால் காரணம் தப்பு. வேகமாக ஓடினால் அதே நீர் அடிக்கடி திரும்பி வரும். மொத்தத்தில் வெளியேறும் வெப்பம் குறையாது. கெடுப்பது பைபாஸ்தான்.

கே: அப்படியானால் பைபாஸ் வாயை அடைத்துவிட்டால் தெர்மோஸ்டாட் தேவையில்லையே? (எங்கள் பக்கம் தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓட்டுகிறோம் என்று மேலே கேட்டது நான்தான்.)

அடைத்தால் என்ஜின் சூடேறவே ஏறாது. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் மூடியடியில் வெண்பசையாகத் திரளும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். கணினி உள்ள என்ஜின், இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கூடுதல் டீசல் விடும். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) இருந்தால் கரி எரிப்பும் ஒழுங்காக நடக்காது. ஒரு சந்தேகம் கேட்கிறேன்: உங்கள் வண்டியில் ஹீட்டர் சூடாக வருகிறதா?

கே: வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஆனால் பழைய தெர்மோஸ்டாட் கெட்டுத்தானே கழற்றினோம்?

கெட்டதா என்று பார்த்தீர்களா? பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். மேலே 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கவேண்டும். கொதிக்கும் முன்பே முழுக்கத் திறந்திருக்கவேண்டும். புதிதைப் பூட்டும்போது அதிலுள்ள ஆடும் சிறு ஊசி மேல் பக்கம் வரட்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். கூலண்டில் பாதி காய்ச்சி வடித்த நீர், பாதி ஆன்டிஃப்ரீஸ். ஒரு மணி நேர வேலை. தெர்மோஸ்டாட் பேச்சு இதோடு போதும்.

கே: கருப்புப் புகை, இழுவை இல்லை. நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

அளக்காமல் பாகம் வாங்காதீர்கள். காமன் ரெயில் என்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாய் உள்ள வகை) மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, நாலு இன்ஜெக்டரிலிருந்தும் நாலு அளவு பாட்டிலில் டீசல் பிடியுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு நிரம்பினால் அது ஒன்றுதான் குற்றவாளி. அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டரையும், இன்டர்கூலர் (என்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸில் வெடிப்பு, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்பதையும், திறந்தே சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வையும் (புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடுவது) பாருங்கள். கருப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. காற்று வழியைச் சரிபார்ப்பது ஏறக்குறைய இலவசம். இன்ஜெக்டர் மாற்றினால் செப்பு வாஷர் புதிதாகப் போடவேண்டும், குறியீட்டு எண்ணைக் கணினியில் ஏற்றவேண்டும்.

கே: என் வண்டியிலும் புகை. என்ன செய்யலாம்?

நிறம்? குளிரிலா சூட்டிலா? நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கருப்பு மேலே சொன்னது. வெள்ளை சூடேறியதும் நின்றுவிட்டால் க்ளோ பிளக்கைப் பாருங்கள். சூடான பின்பும் வந்து, இனிப்பு வாசமும் அடித்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது.

கே: ஹெட் கேஸ்கெட் என்றே உறுதியாகிவிட்டது. எவ்வளவு வேலை?

இரண்டு மூன்று நாள். கேஸ்கெட்டின் விலை கணக்கிலேயே சேராது. ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி விரிசல் சோதிக்கவேண்டும், நேர்த்தகடு வைத்து வளைவு அளக்கவேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே பெரும்பாலான ஹெட் தாங்காது. இழுபட்டு நீளும் வகை போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் பூட்டக்கூடாது. ஏன் சூடாயிற்று என்று கண்டுபிடிக்காமல் பூட்டினால் மறுபடியும் போகும்.

கே: டர்போவில் (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவது) கையால் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறது.

பக்கவாட்டில் துளி ஆடலாம், இறக்கை உள்சுவரைத் தொடக்கூடாது. முன்பின்னாக ஆடினால் முடிந்தது. மாற்றும்போது ஆயில் வரும் குழாயையும் புதிதாகப் போடுங்கள்; பழைய கரி அடைத்தால் புது டர்போவும் போய்விடும்.

கே: கியர் போட்டு நகர்த்தும்போது பின்னால் ‘டங்’.

புரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டை (நடுவில் சிலுவை வடிவத் துண்டு உள்ள மூட்டு) பாருங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் திருகுங்கள். சிலுவையைச் சுற்றிச் செந்தூள் உதிர்ந்தால் கிரீஸ் காணாமல் காய்ந்தது. ஜாயின்ட் ஒன்றுக்கு ஒரு மணி நேரம். கழற்றும்முன் இரண்டு பக்கமும் கோடு கிழித்துக்கொள்ளுங்கள், மாறிப் பூட்டினால் அதிரும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

கே: எல்பிஜிக்கு மாற்றலாமா?

டீசல் வண்டியையா? வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: வண்டி சூடாகிறது, என்ன காரணம்?

நின்றாலா, ஓடினாலா? மேலே இருக்கிறது, படியுங்கள்.

கே: இப்போதுதான் முள் சிவப்புக்குப் போனது, ஓரங்கட்டிவிட்டேன். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றவா?

திறக்காதீர்கள். என்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கிவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியும் வரை தள்ளி நில்லுங்கள். அரை மணிக்குமேல் ஆகும்.