திட்டம் தனி, வேலை தனி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. எல்லாத் திட்டங்களையும் ஒரே எக்செல் ஷீட்டில் வைத்திருக்கிறோம். ஒரு வேலைக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே திட்டத்தின் பெயர், வாடிக்கையாளர் பெயர், அவருடைய போன் நம்பர், ஒப்படைக்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். இப்போது ஏர்டேபிள் என்ற இணையவழி அட்டவணை மென்பொருளுக்கு மாறலாம் என்கிறார்கள். அங்கே திட்டங்கள், வேலைகள், வாடிக்கையாளர்கள் என்று மூன்று அட்டவணை போட்டு இணைக்க வேண்டுமாம். கண் முன்னால் ஒரே இடத்தில் இருப்பதை எதற்காக மூன்றாகப் பிரிக்க வேண்டும்?

பதில்: பிரிக்கத்தான் வேண்டும், அம்மா. ஆனால் காரணம் புரிந்த பிறகு பிரியுங்கள். யாரோ சொன்னார்கள் என்று பிரித்த அலுவலகங்கள் கொஞ்ச நாளிலேயே பழைய ஷீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன.

'மேல்மாடி விரிவாக்கம்' என்று ஒரு திட்டம், அதில் முப்பது வேலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஷீட்டில் திட்டத்தின் பெயர் முப்பது முறை இருக்கும். போன் நம்பரும் ஒப்படைக்கும் தேதியும் அப்படியே. வாடிக்கையாளர் தேதியைப் பத்து நாள் தள்ளிவைக்கிறார். போனை எடுத்தவர் ஷீட்டைத் திறந்து கண்ணில் பட்ட வரிகளில் எல்லாம் தேதியை மாற்றுகிறார். அந்த நேரத்தில் 'முடியாத வேலைகள் மட்டும்' என்று ஃபில்டர் போட்டிருந்தது. மறைந்திருந்த வரிகளில் பழைய தேதி அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வாரம் யாராவது முடிந்த வேலை ஒன்றைத் திருத்தத்துக்காக மறுபடி திறந்தால், பழைய தேதியும் கூடவே எழுந்து வரும். இப்போது ஒரே திட்டத்துக்கு இரண்டு தேதி. எது சரி என்று ஷீட்டைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

பெயரிலும் இதே தொல்லைதான். ஒருவர் 'மேல்மாடி விரிவாக்கம்' என்று அடிப்பார், இன்னொருவர் 'மேல் மாடி விரிவாக்கம்' என்று நடுவில் இடம் விடுவார். படிக்கிற நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு திட்டங்கள். ஒன்றை ஃபில்டர் செய்தால் மற்றதில் இருக்கும் வேலைகள் பட்டியலில் வராது. வராததைத் தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதுதான்.

இந்தச் சிக்கல் பழையது, தீர்வும் பழையது. 1970-ல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைத்து அவற்றுக்குள்ளே உறவு ஏற்படுத்தும் முறையை ஒரு கட்டுரையில் எழுதினார். ஒரே தகவல் பல இடங்களில் கிடந்தால் முரண்பாடு வரும் என்பதையும் அதிலேயே பேசினார். இந்தத் துறையில் செய்த பணிக்காக 1981-ல் அவருக்குக் கணினி அறிவியலின் மிக உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. ஏர்டேபிளில் நீங்கள் போடப்போகும் இணைப்பு அந்த யோசனையின் வழிவந்ததுதான்.

சரி, எப்படிச் செய்வது? மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். வாடிக்கையாளரைப் பற்றிய தகவல்கள் ஒரு பக்கம்: பெயர், போன் நம்பர். திட்டத்தைப் பற்றியவை ஒரு பக்கம்: பெயர், எந்த வாடிக்கையாளருடையது, ஒப்படைக்கும் தேதி. வேலையைப் பற்றியவை ஒரு பக்கம்: என்ன வேலை, எந்தத் திட்டம், யார் பொறுப்பு, எப்போது முடிய வேண்டும், இப்போது எந்த நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு தகவலையும் 'இது யாருடையது?' என்று கேட்டு அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். போன் நம்பர் வேலையுடையது அல்ல, வாடிக்கையாளருடையது. அதனால் அது வேலைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். பிரித்துவிட்டால் ஒரே இடத்தில் பார்க்க முடியாது என்று நினைக்கிறீர்கள். பார்க்கலாம். வேலைகள் அட்டவணையில் 'திட்டம்' என்ற இணைப்புப் புலம், அதாவது திட்டங்கள் அட்டவணையின் வரியைச் சுட்டும் நெடுவரிசை, இருக்கும். அதன் வழியாக ஒப்படைக்கும் தேதியை, இணைத்த வரியிலிருந்து தகவலை எடுத்துக் காட்டும் ஒரு லுக்அப் புலத்தில் வரவழைக்கலாம். வாடிக்கையாளரின் நம்பர் இன்னும் ஒரு படி தள்ளி இருப்பதால், முதலில் அதைத் திட்டங்கள் அட்டவணைக்கு லுக்அப்பாகக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலைகளுக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் கிடைக்கும் பார்வை உங்கள் பழைய ஷீட் போலவே இருக்கும். ஆனால் தேதியை மாற்ற வேண்டுமானால் ஒரே ஒரு இடம்தான், மாற்றிய நொடியில் முப்பது வரிகளிலும் புதுத் தேதி நிற்கும்.

மாறும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ஷீட்டை ஏற்றிவிட்டு, எழுத்தாக இருக்கும் 'திட்டம்' நெடுவரிசையை இணைப்புப் புலமாக மாற்றச் சொன்னால், ஏர்டேபிள் திட்டங்கள் அட்டவணையின் முதல் புலத்தில் அதே பெயரைத் தேடும். இல்லாவிட்டால் புதிதாக ஒரு திட்டத்தையே உருவாக்கிவிடும். 'மேல் மாடி', 'மேல்மாடி' குழப்பம் அப்படியே இரண்டு திட்டங்களாகப் பதிவாகும். பெயருக்குள் கமா இருந்தாலும் ஆபத்து: 'முன்வாசல், சுற்றுச்சுவர்' என்ற ஒரே திட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் பெயர்களை எக்செல்லிலேயே சரிசெய்துவிட்டு ஏற்றுங்கள். கூடவே ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு எண் கொடுங்கள். '041 மேல்மாடி விரிவாக்கம்' என்று இருந்தால், நாளைக்கு இன்னொரு மேல்மாடி விரிவாக்கம் வரும்போது தடுமாற்றம் இருக்காது. ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் வந்தால் ஏர்டேபிள் தானாகத் தடுப்பதில்லை.

கேள்வி: பயிற்சிப் பாடங்கள் தயாரிக்கிறோம். ஒரே கையேடு சில நேரம் மூன்று திட்டங்களுக்குப் பொதுவாக இருக்கும். 'கையேடு எழுதுதல்' என்ற வேலையை மூன்று திட்டங்களோடும் இணைத்தேன். இணைப்பு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் திட்ட வாரியாக மணிநேரத்தைக் கூட்டினால் மொத்தம் மிக அதிகமாக வருகிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, அது சரியாகத்தான் கூட்டுகிறது. அந்த வேலைக்கு 12 மணி நேரம் என்றால், இணைந்த வரிகளின் மதிப்புகளைத் திரட்டித் தரும் ரோல்அப் புலம், இணைத்த மூன்று திட்டங்களிலும் தனித்தனியாக 12 என்று எடுத்துக்கொள்ளும். திட்டங்களின் கூட்டுத்தொகையில் அது 36 ஆகிவிடுகிறது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை, சொல்வதற்கு அங்கே இடமும் இல்லை.

அந்த இடத்தை உண்டாக்க வேண்டும். வேலைகளுக்கும் திட்டங்களுக்கும் நடுவில் 'பங்கு' என்று மூன்றாவதாக ஓர் அட்டவணை போடுங்கள். அதில் ஒரு வரி என்பது ஒரு வேலை, ஒரு திட்டம், இத்தனை மணி நேரம். 'கையேடு எழுதுதல்' அங்கே மூன்று வரிகளாக வரும்: முதல் திட்டத்துக்கு 6, இரண்டாவதுக்கு 4, மூன்றாவதுக்கு 2. வேலைக்கும் திட்டத்துக்கும் முன்பு போட்ட நேரடி இணைப்பை எடுத்துவிட்டு, ரோல்அப்பைப் பங்கு அட்டவணையிலிருந்து எடுங்கள். மொத்தம் 12-க்கு வந்துவிடும்.

இந்த நடு அட்டவணையைப் பார்த்ததும் பலர் கூடுதல் சுமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ இணைப்பு அட்டவணைகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒரு வேலையை இரண்டு பேர் பிரித்துச் செய்வது, ஒரு கருவி பல திட்டங்களுக்குப் போய் வருவது, ஒரு கூட்டத்தில் பலர் கலந்துகொள்வது எல்லாமே இதே வடிவம்தான். உறவைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்: எவ்வளவு நேரம், எந்தத் தேதியிலிருந்து, என்ன பொறுப்பில். சொல்ல வேண்டியிருந்தால் நடு அட்டவணை வேண்டும். வெறுமனே 'இது அதோடு சேர்ந்தது' என்பது மட்டும் போதுமானால், பல பதிவுகளை ஏற்கும் சாதாரண இணைப்பே போதும்.

கேள்வி: எக்செல்லிலேயே, ஒரு பட்டியலில் தேடித் தகவலை எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலா போட்டு இதையெல்லாம் செய்துகொள்ள முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். விலுக்அப் போடும்போது கடைசியில் ஃபால்ஸ் (FALSE) என்று கொடுக்க மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் அது தோராயமான பொருத்தத்தைத் தேடும், தவறான திட்டத்தின் தேதியைக்கூடச் சரியானது போலக் கொண்டுவந்து வைக்கும். புதிய எக்செல்லில் எக்ஸ்லுக்அப் இருக்கிறது. அது எடுத்த எடுப்பிலேயே துல்லியமான பொருத்தத்தைத்தான் பார்க்கும், தேடும் நெடுவரிசை இடது ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் இவை இரண்டும் ஒருவழிப் பாதை. வேலையிலிருந்து திட்டத்தின் தேதியை எடுக்கலாம். திட்டத்தைத் திறந்து அதன் வேலைகளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக வேறொரு ஃபார்முலா எழுத வேண்டும். ஏர்டேபிளில் ஒரு பக்கம் இணைத்தால் மறுபக்கமும் தானாகத் தெரியும். நோஷன் என்ற மென்பொருளில் இருவழி உறவைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயும் அப்படியே. ஒருவர் மட்டும் பார்க்கும் கணக்குக்கு எக்செல் போதும். ஐந்து பேர் சேர்ந்து தினமும் எழுதும் கணக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் திட்டப் பட்டியலில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று ரோல்அப் வைத்திருக்கிறோம். மேலாளருக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் 90 சதவீதம் என்று காட்டும் திட்டம் ஒன்று வாரக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த எண் வேலைகளை எண்ணுகிறது, அவற்றின் கனத்தைப் பார்ப்பதில்லை. மின்னஞ்சல் அனுப்புவதும் ஒரு வேலை, ஒப்புதல் வாங்குவதும் ஒரு வேலை. பத்தில் ஒன்பது முடிந்து, மீதமிருக்கும் அந்த ஒப்புதல் வராவிட்டால் திட்டம் நகராது.

சதவீதத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை, மேலாளருக்குப் பிடித்தால் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வையுங்கள்: முடியாத வேலைகளில் மிக அருகில் இருக்கும் கெடு எது? வேலைகள் அட்டவணையில் ஒரு ஃபார்முலா புலம் போடுங்கள். வேலை முடிந்திருந்தால் காலி, முடியாவிட்டால் அதன் கெடு தேதி. திட்டங்கள் அட்டவணையில் அந்தப் புலத்தை ரோல்அப் செய்து, இருப்பதிலேயே முந்தைய தேதியைக் கேளுங்கள். அந்தத் தேதி கடந்துபோயிருந்தால், 90 சதவீதமானாலும் 30 சதவீதமானாலும் அந்தத் திட்டம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரே நெடுவரிசையை வைத்துப் பட்டியலை வரிசைப்படுத்தினால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் எதை முதலில் பேசுவது என்று யாரும் விவாதிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த ஒருவர், முடிந்துபோன திட்டங்கள் எதற்கு என்று பலவற்றை அழித்துவிட்டார். அவற்றின் வேலைகளும் போய்விடுமா?

பதில்: மென்பொருளைப் பொறுத்தது. ஏர்டேபிளில் வேலைகள் இருக்கும், ஆனால் அவற்றின் திட்டப் புலம் காலியாகிவிடும். எந்தத் திட்டம் என்று தெரியாத வேலைகள் பட்டியலில் மிதந்துகொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயின்ட் லிஸ்ட்டில் இதை நீங்களே முடிவு செய்யலாம். வேலைகள் இணைந்திருக்கும் திட்டத்தை அழிக்கவே விடாமல் தடுக்கலாம், அல்லது திட்டத்தோடு சேர்த்து அதன் வேலைகளையும் அழிக்கச் சொல்லலாம். நான் எப்போதும் தடுப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

உடனே குப்பைத் தொட்டியைத் திறந்து மீட்டுவிடுங்கள், அதற்கும் ஒரு கால வரம்பு உண்டு. அப்புறம் 'நிலை' என்ற புலத்தில் 'நிறைவு', 'கைவிடப்பட்டது' என்று இரண்டு தெரிவுகள் சேர்த்து, அன்றாடப் பார்வையில் அவை தெரியாதபடி ஃபில்டர் செய்யுங்கள். யாருக்கும் அழிக்க வேண்டிய தேவையே வராது. 'திட்டம் காலியாக உள்ளவை' என்று இன்னொரு பார்வையும் வையுங்கள். அது வெறுமையாக இருந்தால் நிம்மதி. புதுச் சகோதரரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அழிக்க முடிகிற இடத்தில் யாரானாலும் அழிக்கத்தான் செய்வார்கள்.

கேள்வி: இணைப்பு அட்டவணைகள் பற்றிப் படித்துவிட்டு ஆர்வத்தில் பதினான்கு அட்டவணைகள் போட்டிருக்கிறேன். நிலைக்கு ஒன்று, முன்னுரிமைக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று. குழுவில் யாரும் எதையும் நிரப்புவதில்லை. எங்கிருந்து திருத்துவது?

பதில்: நிலை அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். அதைத் திறந்து பாருங்கள். 'தொடங்கவில்லை', 'நடக்கிறது', 'முடிந்தது' என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அதற்கு, தெரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் போதும். முன்னுரிமைக்கும் அப்படியே. துறைக்கு ஒரு தலைவர், ஓர் ஒதுக்கீடு என்று பெயரைத் தாண்டி எழுத ஏதாவது இருந்தால் மட்டும் அந்த அட்டவணையை விட்டுவையுங்கள்.

இப்படிக் கழித்தால் பெரும்பாலும் திட்டங்கள், வேலைகள், ஆட்கள், வாடிக்கையாளர்கள் என்று நான்கைந்தில் வந்து நிற்கும். அதன் பிறகு வேலையைப் பதிவு செய்ய ஒரு படிவம் அமையுங்கள். அதில் கேட்க வேண்டியவை நான்கு: என்ன வேலை, எந்தத் திட்டம், யார், எப்போது. மற்றதெல்லாம் லுக்அப்பில் தானாக வரட்டும். குழுவில் மிகவும் பொறுமை குறைந்தவரிடம் படிவத்தைக் கொடுத்து, அவர் நிரப்புவதை அருகில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எந்தக் கட்டத்தில் தயங்கி நிற்கிறாரோ, அடுத்துத் திருத்த வேண்டியது அதுதான்.