மறுசுழற்சி பிளாஸ்டிக்குக்கு மாறும் முன் ஒரு கணக்கு

கேள்வி: மின்சாரக் கெட்டில் தயாரிக்கும் சிறு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். அடுத்த மாடல் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க, வெளிக்கூட்டை மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்யச் சொல்கிறது நிர்வாகம். அது போதுமா? தயாரிப்பு முதல் குப்பையாகும் வரை சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிடும் முழு வாழ்நாள் மதிப்பீடு அவசியமா?

பதில்: முதலில் தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 314 கிலோஜூல் வேண்டும். இழப்புகளையும் சேர்த்தால் சுமார் 0.1 யூனிட் மின்சாரம். தினமும் மூன்று முறை, ஐந்து வருடம் என்றால் கிட்டத்தட்ட 550 யூனிட் ஆகிவிடும்.

வெளிக்கூடு அரை கிலோ பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்வோம். புதிய பாலிபுரொப்பிலீன் செய்ய, மூலப்பொருளாகும் எண்ணெயையும் சேர்த்து, கிலோவுக்குச் சுமார் 75 மெகாஜூல் ஆகும். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல் என்பதால், அரை கிலோவுக்கு யூனிட் கணக்கில் பத்துச் சொச்சம்தான். மறுசுழற்சியால் அது அத்தனையும் மிச்சமானாலும் 550-க்கு முன்னால் எம்மாத்திரம்?

ஆக, உங்கள் உழைப்பு போக வேண்டிய இடம் பயன்பாட்டுக் காலம். பல கெட்டில்களில் குறைந்தபட்ச அளவுக் கோடே அரை லிட்டரில் இருக்கும். ஒரு கப் வெந்நீர் வேண்டியவரும் அரை லிட்டரைக் கொதிக்கவிட்டு மீதியை ஆறவிடுகிறார். ஹீட்டரைத் தட்டையான அடித்தகட்டுக்குக் கீழே வைத்தால் அந்தக் கோட்டை ஒரு கப்புக்கு இறக்கலாம். அளவுக் குறிகளை லிட்டரில் போடாமல் கப் கணக்கில், ஊற்றும்போதே கண்ணில் படும் இடத்தில் போடுங்கள்.

அப்புறம் தானியங்கி ஸ்விட்ச். நீராவி பட்டு வளையும் ஈருலோகத் தகடுதான் அதை அணைக்கிறது. ஆவி வரும் பாதை சரியில்லையென்றால் கொதித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். 1500 வாட் கெட்டில் 20 விநாடி கூடுதலாக ஓடினால் 30 கிலோஜூல் வீண். ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கத் தேவையானதில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! விளம்பரத்தில் போட முடியாத திருத்தம்தான், ஆனால் வெளிக்கூட்டை மாற்றுவதைவிட இதில் லாபம் அதிகம்.

மூடியின் கீல் உடைந்தால் கெட்டிலையே தூக்கிப் போடும் நிலையும் வேண்டாம். பசை போட்டு ஒட்டாமல் சாதாரணத் திருகாணி போடுங்கள், கீலையும் ஸ்விட்சையும் உதிரிபாகமாகக் கொடுங்கள்.

முழு வாழ்நாள் மதிப்பீட்டுக்கு ஐஎஸ்ஓ 14040, 14044 என்ற சர்வதேசத் தரநிலைகள் உண்டு. உள் முடிவுகளுக்கு இப்போதைக்கு இந்தத் தோராயக் கணக்கே போதும். ஒப்பிடும்போது மட்டும் அலகை ‘ஒரு கெட்டில்’ என்று வைக்காமல் ‘ஐந்து வருடத்தில் இத்தனை லிட்டர் வெந்நீர்’ என்று வையுங்கள். போட்டியாளருடையதைவிட எங்களுடையது மேல் என்று பொதுவெளியில் சொல்வதானால் கதை வேறு. 14044-இன்படி சுயாதீன நிபுணர் குழு மதிப்பீட்டைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

இந்த விடையை அப்படியே நாற்காலிக்கோ கைபேசிக்கோ பொருத்திவிடாதீர்கள். அவற்றில் பெரும் சுமை தயாரிப்பில்தான். நீண்ட ஆயுள்தான் அங்கே முதல் வழி.

நிர்வாகத்தின் யோசனையையும் தள்ள வேண்டாம். தண்ணீர் படாத கைப்பிடி போன்ற பாகங்களில் மறுசுழற்சி பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தலாம். வெந்நீர் படும் இடமென்றால் உணவுத் தொடர்புக்கான சான்று, மின்பாகங்களுக்கு அருகிலென்றால் தீ எதிர்ப்புச் சோதனை, இரண்டும் கைக்கு வந்த பிறகே பாகங்களை வார்க்கும் அச்சுகளைச் செய்யத் தொடங்குங்கள்.