பழைய மவுன்டன் பைக்கில் பாரம் ஏற்றலாமா? சில கேள்விகள், பதில்கள்

பழைய மவுன்டன் பைக்கை, அதாவது கரடுமுரடான பாதைக்கான கியர் சைக்கிளை, சுமை வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் கேட்பதில் பாதி கேரியரைப் பற்றித்தான். கேரியர் தாங்குமா என்ற கவலை நியாயமானதே. ஆனால் பெரும்பாலும் முதலில் கைவிடுவது பின்சக்கரம், அடுத்தது பிரேக். பதில்கள் சிலவற்றில் நான் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

வீட்டில் இரண்டு பழைய வண்டிகள் கிடக்கின்றன. ஒன்றில் முன்னும் பின்னும் ஷாக் உண்டு. இன்னொன்று ஷாக்கே இல்லாத தொண்ணூறுகளின் வண்டி. எதை மாற்றலாம்?

யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஷாக் இல்லாத மவுன்டன் பைக்குகள் பல எஃகில் செய்தவை, அவற்றில் நல்லவை குரோமோலி என்ற வலுவான கலப்பு எஃகு. கேரியர் மாட்டும் துளைகள் பெரும்பாலும் இருக்கும். சக்கரம் 26 அங்குலம்தான் என்பதால் பெரிய சக்கரத்தைவிடப் பாரத்தை நன்றாகத் தாங்கும். பின் ஷாக் உள்ள வண்டியில் கேரியரை ஒழுங்காகப் பொருத்த இடமே கிடைக்காது, பொருத்தினாலும் சுமையோடு சேர்ந்து வண்டி குதிக்கும்.

எடுத்ததும் வண்டியைக் கழுவி வெயிலில் வைத்துப் பாருங்கள். ஹேண்டில் இறங்கும் குழாய்க்கு அடியில் பெயின்ட் சுருங்கியிருந்தால், வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். பெடல் அச்சைச் சுற்றிய வெல்டிங்கிலும், பின் ஆக்சில் உட்காரும் பிளேட்டிலும் முடிபோன்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை, விரிசல் கூடவே கூடாது.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையை, அதாவது ஷாக் ஃபோர்க்கைக் கழற்றிச் சாதா ஃபோர்க் போடலாமா?

போடலாம், சுமைக்கு அதுதான் நல்லது. ஆனால் நீளம் பார்த்து வாங்குங்கள். 80 மில்லிமீட்டர் அமுங்கும் ஷாக் ஃபோர்க், ஆக்சில் நடுவிலிருந்து ஃபோர்க்கின் தலைவரை ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் இருக்கும். ஷாக் காலத்துக்கு முந்தைய சாதா ஃபோர்க் 400 பக்கத்தில்தான். நீளம் 2 சென்டிமீட்டர் குறைந்தால் ஹேண்டில் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி நிமிரும். 5 சென்டிமீட்டர் குறைத்தால் வண்டி முன்னால் குனிந்து, பெடல் தரைக்கு நெருங்கி, ஹேண்டில் பதறும். ஷாக் ஃபோர்க் நீளத்துக்கு ஈடாகவே செய்த சாதா ஃபோர்க்குகள் உண்டு. 430, 440 அளவில் கிடைத்தால் போதும், ஷாக் ஃபோர்க் ஆள் ஏறியதும் எப்படியும் கொஞ்சம் அமுங்கியேதான் இருக்கும். ஃபோர்க்கிலிருந்து மேலே ஹேண்டிலுக்குப் போகும் தண்டின் பருமனையும் பாருங்கள், பழைய வண்டிகளில் 1 அங்குலமும் உண்டு, 1⅛ அங்குலமும் உண்டு.

கேரியரில் 25 கிலோ என்று அச்சிட்டிருக்கிறது. 40 கிலோ ஏற்றினால் என்ன ஆகும்?

அன்றைக்கே ஒன்றும் ஆகாமல் போகலாம். அதுதான் ஆபத்து. பாரம் நிற்கும்போது அல்ல, பள்ளத்தில் இறங்கும்போதுதான் பல மடங்காகிறது.

கேரியரின் எடை முழுக்க ஏறக்குறைய கீழே உள்ள இரண்டு 5 மில்லிமீட்டர் போல்ட்டுகளில்தான் இறங்குகிறது. மேலே சீட் பக்கம் போகும் கம்பிகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். இறுகிய போல்ட் சுலபத்தில் உடையாது. தளர்ந்த போல்ட் ஒவ்வொரு குலுக்கலிலும் வளைந்து நிமிர்ந்து ஒருநாள் அறுந்துவிடும். அதனால் மரை தளராமல் பிடிக்கும் பசை தடவி இறுக்குங்கள், முதல் சில நாட்கள் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள். உட்பக்கம் பூட்டு நட் போட இடமிருந்தால் போடலாம், ஆனால் செயின் சின்னப் பல்சக்கரத்தில் ஓடும்போது நட்டை உரசாமல் இருக்க வேண்டும். துளை இல்லாத வண்டியில் கிளிப் வளையம் போட்டு மாட்டுவது மேல்பக்கத்துக்குச் சரி, கீழ்ப்பக்கத்துக்கு வேண்டாம்.

40 கிலோதான் என்றால் பிரித்துவிடுங்கள். 25ஐத் தாண்டியதை முன்னால் கொண்டுபோங்கள்.

முன்னால் என்றால் ஹேண்டிலில் கூடை மாட்டினால் போதுமா?

காய்கறிக்குப் போதும். 10 கிலோவுக்குப் போதாது. ஹேண்டிலில் உயரத்தில் தொங்கும் எடை, திருப்பும்போது தன் போக்குக்கு இழுக்கும். ஃபோர்க்கின் இரு பக்கமும் ஆக்சில் உயரத்தில் பை தொங்கவிடும் கேரியர்தான் ஓட்டுவதற்குச் சுகம். முதலில் ஹேண்டில் கொஞ்சம் கனக்கும், சீக்கிரம் பழகிவிடும்.

எல்லாவற்றையும் பின்னால் குவித்தால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் தலையாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் கையை இறுக்காதீர்கள், முழங்காலைச் சட்டத்தின் மேல்குழாயில் அழுத்திக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் இறங்கிப் பாரத்தை மாற்றி வையுங்கள்.

பின்சக்கரத்தில் அடிக்கடி ஸ்போக் அறுகிறது. அறுந்ததை மாற்றினால் அடுத்த வாரம் பக்கத்துக் கம்பி அறுகிறது. தடிமனான கம்பி போடவா?

தடிமன் பிறகு. முதலில் இறுக்கம். ஸ்போக் ஒரேயடியாக எடை தாங்காமல் அறுவது அபூர்வம், களைத்துத்தான் அறுகிறது. சக்கரம் சுற்றும்போது தரைப்பக்கம் வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. போதுமான இறுக்கம் இல்லாவிட்டால் அந்தச் சமயத்தில் முழுக்கத் தொய்ந்து, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் ஆடுகிறது. கம்பியை விரலால் மடக்கி மடக்கி ஒடிப்பதும் இதுவும் ஒன்றுதான். ஒன்று அறுந்தால் மற்றவையும் அதே அளவு களைத்திருக்கும். புதுக்கம்பி ஒன்று போட்டுக் கோட்டம் எடுப்பது சில நாள் நிம்மதி, அவ்வளவே.

மொத்தமாகப் பிரித்துக் கட்டுவதுதான் வழி. ஹப்பும் ரிம்மும் 36 துளை என்றால் நல்லது. 2 மில்லிமீட்டர் தரமான கம்பியே போதும். கட்டி முடித்ததும் இணையான கம்பிகளைக் கையால் பிடித்து அழுத்திப் பிழியச் சொல்லுங்கள், கம்பி தன் இடத்தில் சரியாக உட்காரும். அதைச் செய்யாமலே கொடுத்துவிடுபவர்கள் உண்டு.

கூடவே ஆக்சிலையும் பாருங்கள். பின் பல்சக்கரத் தொகுதி ஹப்பில் மரை போட்டுத் திருகும் பழைய ஃப்ரீவீல் என்றால், வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளியிருக்கும், ஆக்சிலின் ஒரு நீளம் தாங்கல் இல்லாமல் நிற்கும். பாரத்தில் வளைவது அந்த இடம்தான். பல்சக்கரங்களைத் திருகாமல் செருகும் கேசட் ஹப்பில் பேரிங் வெளிப்பக்கம் வருவதால் இந்தத் தொல்லை குறைவு. செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் என்றால், பின்சக்கரத்தில் செய்யுங்கள். டயரில் முரட்டுக் கட்டைகள் வேண்டாம், வழவழப்பான 2 அங்குல டயர் போதும்.

பிரேக் பிடித்தால் வண்டி நிற்காமல் நழுவிக்கொண்டே போகிறது. ரிம்மின் இரு பக்கமும் நீளமான கைகள் நிமிர்ந்து நிற்கும் வி-பிரேக் மாட்டினால் சரியாகுமா?

மாட்டலாம், ஆனால் லீவரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வண்டிகளில் வரும் கான்டிலீவர் பிரேக்கைவிட வி-பிரேக்குக்குச் சுமார் இரு மடங்கு கேபிள் இழுக்க வேண்டும். பழைய லீவரால் அவ்வளவு இழுக்க முடியாது. லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்கு முன் ரிம்மில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பிரேக் கட்டை உரசும் சுவர் உட்குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. பாரத்தோடு ஓடும்போது அது பிளந்தால் டியூபும் வெடிக்கும்.

வண்டியின் சட்டத்தை (ஃபிரேம்) வெட்டி நீளமாக வெல்டிங் செய்யலாமா?

அலுமினியம் என்றால் கூடாது. அந்தச் சட்டத்தைத் தொழிற்சாலையில் சூடுபடுத்திப் பதப்படுத்தியிருப்பார்கள், வெல்டிங் சூட்டில் அந்த வலு போய்விடும். எஃகு என்றால் முடியும், ஆனால் பின்பக்கம் கோணாமல் செய்யத் தெரிந்த கை வேண்டும்.

வெட்டாமலே நீட்டும் வழியும் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் எக்ஸ்ட்ராசைக்கிள் நிறுவனம் கொண்டுவந்த ஃப்ரீராடிகல் என்ற நீட்டுச் சட்டம் அப்படித்தான்: பழைய சக்கரம் இருந்த இடத்தில் போல்ட் போட்டு மாட்டினால், பின்சக்கரம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் பின்னால் போகும். பாரம் இரு சக்கரங்களுக்கும் நடுவே இறங்கும். எப்போதாவதுதான் பெரிய சாமான் என்றால் இழுவை வண்டியே மேல். வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம்.

கியர் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முன்னால் சின்னது 22 அல்லது 24 பல், பின்னால் பெரியது 28க்கு மேல் இருந்தால் போதும். செயின் தேய்ந்திருந்தால் பின் பல்சக்கரத்தோடு சேர்த்து மாற்றுங்கள்.

சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பாரத்தோடு சாய்ந்துவிடுகிறது.

இரண்டு கால் ஸ்டாண்டு போடுங்கள். ஆனால் பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்களில் அதை வெறுமனே நெருக்கி இறுக்கினால் குழாய் நசுங்கும், நடுவில் அகலமான தகடு வைத்து அளவாக இறுக்குங்கள். முன்சக்கரம் தானாகத் திரும்புவதுதான் பல நேரம் வண்டியைக் கவிழ்க்கிறது. ஃபோர்க்குக்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் மாட்டினால் நேராக நிற்கும். பிரேக் லீவரைப் பிடித்து ஒரு ரப்பர் வளையம் போட்டால் உருளவும் உருளாது. பையை மாட்டும்போது ஒரு பக்கம் முழுக்க நிரப்பிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், மாற்றி மாற்றி ஏற்றுங்கள்.