டெங்கு கேள்வி பதில்: தட்டணுவும் ஹிமேட்டோக்ரிட்டும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து நாள்களாக இருந்த காய்ச்சல் இன்று காலை விட்டுவிட்டது. தட்டணு (பிளேட்லெட்) 70,000. நாளை பள்ளிக்கு அனுப்பலாமா, டாக்டர்?

அனுப்பாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் வேளையில்தான் அதிகம் அஞ்ச வேண்டும். அப்போதுதான் சிலருக்கு இரத்தக்குழாய்களின் உட்சுவர் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் சென்று தேங்குகிறது. இந்தக் கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உடம்பு சில்லிட்டிருப்பதைக் கண்டு வீட்டார் நிம்மதியடையும் அந்த நேரத்திலேயே பிள்ளையின் இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். நீங்கள் அனுப்பிய பரிசோதனைத் தாளில் தட்டணுவுக்குச் சில வரிகள் மேலே ஹிமேட்டோக்ரிட் என்றொரு எண் இருக்கும்; இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதே அது. நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்படுவதை அது காட்டும் என்பதால், நாளுக்கு நாள் அது ஏறுகிறதா என்று பாருங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அமைதியின்மை அல்லது மயக்க நிலை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: உடம்புவலி தாங்க முடியவில்லை. எந்த மாத்திரை போடலாம்?

பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். மருந்துக்கடையில் வலிக்கென்று கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை.

கேள்வி: அப்பாவுக்குத் தட்டணு 40,000. இரத்தப்போக்கு இல்லை. தட்டணு ஏற்றச் சொல்லலாமா?

வேண்டாம். இரத்தப்போக்கு இல்லாதவருக்கு இந்த எண்ணிக்கைக்காகத் தட்டணு ஏற்றுவதில் பயனில்லை. ஏற்றியவையும் விரைவில் அழிந்துவிடும்.

கேள்வி: என் மாமியாருக்குப் பப்பாளி இலைச்சாறு கொடுத்தோம், இரண்டே நாளில் 30,000 இலிருந்து 1,10,000 ஆனது. இதை ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்?

எத்தனையாம் நாளில் கொடுத்தீர்கள்?

அதே வாசகர்: ஆறாம் நாள். ஆனால், ஆய்வுகளும் இருக்கின்றனவே?

ஆறாம், ஏழாம் நாளுக்குப் பிறகு எதுவும் கொடுக்காதவர்களுக்கும் தட்டணு தானாக ஏறுகிறது. சாறு குடித்தவர்களுக்குச் சற்று விரைவில் ஏறியதாகச் சிறிய ஆய்வுகள் கூறுவது உண்மை. ஆனால், அந்தச் சாறு கசிவைத் தடுத்ததாகவோ உயிரைக் காத்ததாகவோ உறுதியான சான்று இல்லை. குமட்டலோடு கிடக்கும் பிள்ளையின் வாயில் அந்தக் கசப்பை ஊற்றி, உள்ளே தங்கியிருந்த கஞ்சியையும் வாந்தியாக்கிக் கூட்டிவந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். என் சினம் இலையின் மேல் இல்லை.

வேறொருவர்: நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்கியதே?

வழங்கியது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பருகுங்கள். அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதைத்தான் எதிர்க்கிறேன். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தட்டணு 60,000. ஏற்ற வேண்டுமா?

மேலே 40,000 பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஏழாம் நாள் எடுத்த என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. நம்பலாமா?

அது இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை, முதல் ஐந்து நாள்களுக்குள் எடுக்க வேண்டியது. இப்போது, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை எடுங்கள்.

கேள்வி: ஒருமுறை வந்தால் மறுபடி வராதல்லவா?

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பாற்றல் மற்ற மூன்றிலிருந்து நீண்டகாலம் காக்காது. சில சமயம் இரண்டாம் தொற்றைக் கடுமையாக்கவும் செய்யும்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்கிறோம். போதுமா?

உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரியும். குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் பாருங்கள்.

கேள்வி: சிக்குன்குனியா வந்து ஓராண்டாகியும் மூட்டுவலி இருக்கிறது.

மூட்டுநோய் மருத்துவரை நேரில் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நேற்றுக் காய்ச்சல் விட்டது. தட்டணு 85,000. ஏற்ற வேண்டுமா?

ஹிமேட்டோக்ரிட் எவ்வளவு? காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தார்? இவ்விரண்டையும் கேட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.